துறையுலாவா, வளிச்செலவா?

அன்புடையீர்,

பெரிய ஏரியொன்றில் பாய்மரப் படகில் பல நாள் சென்று, கரையோரத் துறைமுக ஊர்களில் தங்கித் தங்கித் திரும்புவதைப் பற்றிய கையேடொன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். குரூஸிங் எனப்படும் இச்செயலைச் 'சொகுசுக் கப்பல் பயணம்' என்றெழுதினால், மழையில் நனைந்தபடி சுக்கானைப் பிடித்திருப்பவர் என்னை மன்னிக்கமாட்டார். 'படகுச் சவாரி' அரைமணி நேரத்துக்கு மேல் தாங்காத சொல். 'துறையுலா' என்று வைத்திருக்கிறேன், பொருந்துமா?

*

ஐயா,

உலா என்றால் தலைவன் பவனி வர, பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக எழுபருவ மகளிரும் கண்டு மயங்க வேண்டும். நனைந்து வரும் படகோட்டியைக் காண எந்தத் துறையில் யார் காத்திருக்கிறார்கள்? மேலும், இச்சொல்லில் காற்றே இல்லை. கரிகாலனின் முன்னோனை 'வளிதொழில் ஆண்ட உரவோன்' என்கிறது புறநானூற்றின் 66ஆம் பாட்டு. காற்றை ஏவல் கொள்வதுதான் பாயோட்டம். ஆகவே 'வளிச்செலவு' என்க. செலவு என்பது பயணத்துக்குரிய பழஞ்சொல். இன்றைய பொருளில் படித்தாலும், சொந்தப் படகு வைத்திருப்பவர்கள் மறுக்கமாட்டார்கள். இன்னொன்று: கரை கட்டித் தேக்கிய பாசன நீர்நிலையையே ஏரி என்று பழகிய நாம், 82,000 சதுர கிலோமீட்டர் விரிந்த வட அமெரிக்கச் சுப்பீரியரையும் அச்சொல்லால் அழைப்பது எனக்கு நெடுநாளாக உறுத்துகிறது.

*

ஐயா,

ஏரியை இந்த வெள்ளிக்கிழமைக்குள் மாற்ற இயலாது. காற்றைப் பற்றிய தங்கள் தடை நியாயமானதே. ஆயினும் இப்பயணத்தின் ஒவ்வொரு நாளையும் அளப்பது துறைதான் என்பதால் அச்சொல்லை விட மனம் வரவில்லை. சிறு பாய்மரப் படகு மணிக்கு 9 கிலோமீட்டர் போனால் அதிகம். அடுத்த துறை 40 கிலோமீட்டரில் இருந்து, காற்றும் அத்திசையிலிருந்தே வீசினால், எந்தப் படகும் நேரே போக முடியாது. இருபுறமும் ஏறத்தாழ 45 பாகை விலகி வளைந்து வளைந்து செல்கையில் 40 என்பது ஏறக்குறைய 57 ஆகிவிடும். கடலைப் போல் ஓதம், அதாவது நீரேற்ற இறக்கம், பார்த்துப் புறப்படும் தேவை ஏரியில் இல்லை. ஆனால் காற்று வலுத்தால் விரைவிலேயே அலைகள் நெருக்கமாகவும் செங்குத்தாகவும் எழும். ஆகவே மாலைக்குள் எந்தத் துறையை அடையலாம் என்று கணக்கிட்ட பிறகே காலையில் பாய் விரிக்கிறார்கள். 'கூம்பொடு மீப்பாய் களையாது', அதாவது பாய்மரத்தையும் மேற்பாயையும் இறக்காமலே, புகார்த் துறைமுகத்துக்குள் புகுந்த பெருங்கலத்தைப் புறநானூறு 30 பாடுகிறது. நெருக்கமான சிறு துறைமுகத்தில் அப்படி நுழைந்தால் பக்கத்துப் படகுக்காரர் பாடுவது வேறாக இருக்கும்.

உலாவைப் பொறுத்தவரை, சுற்றுலா வந்த அன்றே அது ஏழு பருவ மகளிரையும் விட்டு வந்துவிட்டது. இதுவரை கருத்துரைத்த எழுவரில் நால்வர் துறையுலாவுக்கு இசைந்துள்ளனர்; ஒருவர் 'பாயுலா' என்கிறார், அது பாயைச் சுருட்டிக்கொண்டு ஊர் சுற்றுவதுபோல் இருக்கிறது. துறையுலா என்றே அனுப்பிவிடுகிறேன்.

*

ஐயா,

அனுப்புமுன் ஒரு சொல். இன்று வகுப்பில் 'துறையுலா' என்று கரும்பலகையில் எழுதிப் பொருள் கேட்டேன். அமைச்சர் தம் துறை அலுவலகங்களைப் பார்வையிடச் செல்வது என்றனர் மாணவர், ஏறக்குறைய ஒரே குரலில். வளிச்செலவையும் எழுதிக் காட்டினேன். விமானக் கட்டணம் என்றார்கள்.