எங்க குடும்ப குரூப்ல நடந்த கெமிஸ்ட்ரி டெஸ்ட்

செல்வம்: கார்த்தி அரையாண்டு கெமிஸ்ட்ரில 70க்கு 58 👏 ப்ளஸ் டூல இதுதான் கஷ்டம்னு எல்லாரும் பயமுறுத்துனாங்க

முருகன் சித்தப்பா: சூப்பர் அண்ணே!! பார்ட்டி எப்போ

ரேவதி அத்தாச்சி: டேய் கலக்கிட்ட

பத்மா அத்தை: நல்ல மார்க்குடா கண்ணா. ஒரே ஒரு கேள்வி கேக்குறேன், கூகுள் பாக்கக் கூடாது. அடுப்புல தண்ணி தளதளன்னு கொதிக்குதுல்ல, அடியிலருந்து பெருசு பெருசா குமிழி வருதே, அந்த குமிழிக்குள்ள என்ன இருக்கு?

செல்வம்: அக்கா ரிட்டையர் ஆகியும் வாத்தியார் வேலைய விடமாட்டேங்குறியே 😂

முருகன் சித்தப்பா: காத்துதான், வேற என்ன

கார்த்தி: ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் அத்தை, தண்ணி ஹெச்டூஓ தானே, சூட்டுல பிரியுது

நிலா: தண்ணியோட ஆவி இல்லயா அத்தை?

கலா: ஆவிதான், இப்ப டீ போட்டுட்டு நிக்குறேன், மூடிய தூக்குனா கைய பொசுக்குது

பத்மா அத்தை: நிலாவும் கலாவும் ரைட்டு. கார்த்தி, கொதிக்கும்போது மூலக்கூறு ஒன்ன விட்டு ஒன்னு விலகிப் போகுது அவ்வளவுதான், ஒவ்வொரு மூலக்கூறும் ஹெச்டூஓவாவேதான் இருக்கு. உள்ள இருக்குற பிணைப்பு உடையணும்னா கரண்ட் பாய்ச்சணும், இல்ல வெறும் சூட்டுலயே பிரிக்கணும்னா 2000 டிகிரிக்கு மேல வேணும். நீ சொல்றது உண்மைன்னா கலா டீ போடுற அடுப்பு பக்கத்துல ஹைட்ரஜன் நிக்கும், வீடு என்னாகும்னு யோசிச்சுக்கோ

பத்மா அத்தை: முருகா உனக்கும் பாதி மார்க், சூடேற ஆரம்பிக்கும்போது பாத்திரத்து ஓரத்துல பொடிப்பொடியா ஒட்டிக்கிட்டு வருமே அது தண்ணியில கரைஞ்சிருந்த காத்து

கார்த்தி: அய்யோ. நான் மின்னாற்பகுப்பு (கரண்ட் பாய்ச்சி பிரிக்கிறது) 5 மார்க் கேள்விய டயக்ராமோட எழுதி ஃபுல் மார்க் வாங்குனேன் அத்தை

பத்மா அத்தை: அதான் சொல்ல வந்தேன். இந்த கேள்விய 1983லயே நியூசிலாந்துல 8 வயசுலருந்து 17 வயசு வரைக்கும் உள்ள பசங்ககிட்ட கேட்டிருக்காங்க, கெமிஸ்ட்ரி படிச்ச பெரிய பசங்கள்லயும் நெறய பேரு உன் பதிலத்தான் சொன்னாங்க. அதனால நீ தனியா இல்ல

செல்வம்: அக்கா பப்ளிக்ல குமிழி எல்லாம் கேக்க மாட்டான், 15 ஒன் மார்க், ரெண்டு மார்க் 6, மூனு மார்க் 6, அஞ்சு மார்க் 5, இத பாடமா பண்ணா 70 வந்துரும். அப்புறம் நீட்ல கெமிஸ்ட்ரி 45 கேள்வி, தப்பு விட்டா 1 மார்க் போகும், இவன் பாடத்துக்கு பின்னாடி இருக்குற புக் பேக் கேள்வி மொத்தமும் தலைகீழா சொல்றான் தெரியுமா

பத்மா அத்தை: ஒன் மார்க்க நான் கொறை சொல்லவே இல்ல செல்வம், நல்லா எடுத்த ஒன் மார்க் அஞ்சு மார்க் கேள்விய விட நல்லா ஆளக் காட்டிக் குடுத்துரும். இரு டைப் பண்றேன்

பத்மா அத்தை: 4 கிராம் ஹைட்ரஜன், 16 கிராம் ஆக்சிஜன். ரெண்டும் சேந்து தண்ணியா மாறுது. எத்தன கிராம் தண்ணி கிடைக்கும்? அ) 20 ஆ) 36 இ) 18 ஈ) 9

நிலா: 20! நிறை மாறாது விதி

கார்த்தி: 36. மோல்னா மூலக்கூறு எண்ணுற அளவுதானே, ஹைட்ரஜன் 2 கிராம், தண்ணி 18 கிராம் ஒரு மோல். ஹைட்ரஜன் 2 மோல், அப்ப தண்ணியும் 2 மோல், 2 இன்டு 18

முருகன் சித்தப்பா: நான் இ. சும்மா குத்துமதிப்பா

பத்மா அத்தை: முருகன் சொன்னதுதான் விடை, ஆனா குத்துமதிப்புக்கு மார்க் கிடையாது 😄 ஆக்சிஜன் 32 கிராம் ஒரு மோல், 16 கிராம்னா அரை மோல்தான். ஒரு ஆக்சிஜனுக்கு ரெண்டு ஹைட்ரஜன், அப்ப அரை மோலுக்கு 1 மோல் ஹைட்ரஜன், அதாவது 2 கிராம்தான் செலவாகும். தண்ணி 1 மோல், 18 கிராம், மீதி 2 கிராம் ஹைட்ரஜன் சும்மா நிக்கும்

நிலா: அப்ப நிறை மாறாது விதி பொய்யா?

பத்மா அத்தை: 18ம் மீதி 2ம் கூட்டிப் பாரு தங்கம்

நிலா: ஓஓஓ 20 🙈

பத்மா அத்தை: இப்ப பாருங்க, 20ன்னு போட்டவளுக்கு விதி தெரியும் மீதி நிக்கும்னு தெரியல. 36 போட்டவனுக்கு மோல் தெரியும் ஆனா எது மொதல்ல தீருதுன்னு பாக்கல. 9 போட்டா 2க்கு 1ங்கிற கணக்க விட்டுட்டான்னு அர்த்தம். தப்பான மூனு ஆப்ஷனும் பசங்க மண்டையிலருந்து எடுத்து வைக்கணும், அப்பதான் பேப்பர் திருத்துறப்ப நாளைக்கு எத திரும்ப நடத்தணும்னு தெரியும். சும்மா ஒரு மோல்ல எத்தன துகள்னு அவகாட்ரோ எண்ண, 6.022 இன்டு 10 பவர் 23ன்னு கேட்டா மனப்பாடம்தான் தெரியும், அதுவும் என் காலத்துல 6.023, 2019 மே 20லருந்து மோலுக்கு வரையறையே அந்த எண்ண வச்சுதான்னு ஆயிடுச்சு

ரேவதி அத்தாச்சி: அம்மா ஃபார்முக்கு வந்தாச்சு. நானும் ஒன்னு கேக்கவா, எங்க லேப்ல புதுசா சேர்ற பசங்ககிட்ட இதத்தான் கேப்பேன். கார்த்தி, தரம்பார்த்தலுக்கு, அதான் ஒரு கரைசல சொட்டுச் சொட்டா விட்டு இன்னொன்னோட செறிவ கண்டுபிடிக்கிறதுக்கு, சொட்டு விடுற பியூரெட்ட அதுல ஊத்தப் போற கரைசலாலயே அலசுவோம், அளந்து எடுக்குற பிப்பெட்டும் அப்படித்தான். கீழ வைக்கிற கூம்புக் குடுவை, கோனிகல் ஃப்ளாஸ்க்?

கார்த்தி: அதையும் கரைசல்லதான் அத்தாச்சி

ரேவதி அத்தாச்சி: போச்சு. வெறும் காய்ச்சி வடிச்ச தண்ணிதான். பிப்பெட்ல 20 மில்லி கரெக்டா அளந்து ஊத்துற, ஃப்ளாஸ்க்குள்ள ஏற்கனவே கரைசல் ஒட்டிக்கிட்டு இருந்தா 20ஓட அதுவும் சேந்து ரீடிங் ஏறிரும். தண்ணி இருந்தா பிரச்சனை இல்ல, மோல் எண்ணிக்கை மாறாது. இன்னொன்னு, பியூரெட்ல பெர்மாங்கனேட் ஊத்துனா அடர் ஊதாவா இருக்கும், கரைசல் மட்டத்தோட அடி வளைவு தெரியாது, மேல் விளிம்புலதான் ரீடிங் பாக்கணும்

கார்த்தி: அத்தாச்சி உண்மைய சொல்லட்டா, நாங்க நாலு பேரு ஒரு பியூரெட், நான் ரீடிங் எழுதுற ஆளு 😐 பெர்மாங்கனேட் விடுறதுக்கு முன்னாடி ஃப்ளாஸ்க்ல இருக்குற ஆக்சாலிக் ஆசிட்ட ஏன் சூடு பண்றோம்னே இப்பதான் தோணுது

ரேவதி அத்தாச்சி: 60 70 டிகிரிக்கு சூடு பண்ணலன்னா வினை ரொம்ப மெதுவா நடக்கும்டா, நிறம் போறதுக்குள்ள அடுத்த சொட்டு விட்டுருவ, வினை முடியுற இடம், அதான் முடிவுப்புள்ளி, தப்பாயிரும்

கலா: பிராக்டிகல்ல எல்லாருக்கும் மார்க்க அள்ளிக் குடுத்துடறாங்க அண்ணி, அதனால யாரும் பியூரெட்ட தொடுறதே இல்ல போல

பத்மா அத்தை: அதேதான் கலா. ஞாயித்துக்கிழமை கார்த்திய எங்க வீட்டுக்கு அனுப்பு, ஒரு பழைய பியூரெட் கெடக்கு, எலுமிச்சம்பழமும் சோடா உப்பும் இருந்தா போதும்

நிலா: நானும் வரேன் அத்தை

கார்த்தி: அப்பா இப்ப உங்களுக்கு ஒரு கேள்வி. இரும்பு ஆணி முழுசா துருப்பிடிச்சா துருவோட சேத்து எடை கூடுமா குறையுமா?

செல்வம்: குறையும்டா, அரிச்சுப் போகுதுல்ல

நிலா: பெரியப்பா கூடும்! காத்துலருந்து ஆக்சிஜனும் தண்ணியும் சேருதுல்ல, உதிர்றதையும் அள்ளி வச்சு நிறுத்தா கூடத்தான் இருக்கும்

செல்வம்: நான் காமர்ஸ் க்ரூப்புமா

பத்மா அத்தை: ஆப்ஷன்ல குறையும்னு ஒன்னு வைக்கிறதே உனக்காகத்தான் செல்வம் 😂