புதுப்பிப்பு: எலாஸ்டிக்சர்ச் இப்போது நிற்காமல் ஓடுகிறது

உபுண்டு சர்வரில் ஏபிடி (மென்பொருள் நிறுவும் கருவி) மூலம் எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருளை நிறுவியும், சேவை தொடங்கிய சில நொடிகளில் நின்றுவிடுகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். தீர்ந்துவிட்டது. காரணம் நினைவகப் பற்றாக்குறை. 2 ஜிபி சர்வரில் தரவுத்தளமும் ஓடுகிறது. நினைவகம் போதாமல் கெர்னலே (இயங்குதளத்தின் மையப்பகுதி) எலாஸ்டிக்சர்ச்சை நிறுத்தியிருக்கிறது. கெர்னல் பதிவில் ‘அவுட் ஆஃப் மெமரி’ என்ற வரி பளிச்சென்று தெரிந்தது. அங்கே பார்க்கச் சொன்ன நண்பருக்கு மனமார்ந்த நன்றி.

அதனால் எலாஸ்டிக்சர்ச்சின் ‘ஜேவிஎம் டாட் ஆப்ஷன்ஸ் டாட் டி’ கோப்புறையில் புதிய கோப்பு ஒன்றை வைத்து, ஹீப்பின் (அது ஓடும் ஜாவா சூழல் எடுத்துக்கொள்ளும் நினைவகம்) தொடக்க அளவு, உச்ச அளவு இரண்டையும் 512 எம்பி என்று எழுதினேன். கோப்பின் பெயர் ‘டாட் ஆப்ஷன்ஸ்’ என்று முடியாவிட்டால் அது படிக்கப்படாது, கவனம்!

8ஆம் பதிப்பை நிறுவுகிறவர்கள், திரையில் வரும் கடவுச்சொல்லை அப்போதே குறித்துக்கொள்ளுங்கள், மறுபடி காட்டாது. எலாஸ்டிக்சர்ச்சை அணுகும் 9200 போர்ட்டும் இயல்பாக ஹெச்டிடிபிஎஸ் வழியாகத்தான் பதில் தரும்.