மறு: இன்டர்கொம் தமிழில் – ‘இடைப்பேசி’ வேண்டாம், ‘வளவுப்பேசி’ எப்படி?

வணக்கம்.

இன்டர்கொமுக்குத் தமிழ்ச் சொல் தேடி, பட்டியல் போட்டு வாக்கெடுக்கப்போகும் இந்த இழையை மேலிருந்து கீழ்வரை வாசித்தேன். இடைப்பேசி, அகப்பேசி, உள்ளகத் தொலைபேசி, இது எதுவும் வேண்டாம் ‘வோக்கி ரோக்கி’ என்றே விட்டுவிடலாம் என்று நாலு கட்சி ஓடுகிறது. நான் நாலிலும் இல்லை.

இங்கே யாழ்ப்பாணத்தில் பாடசாலைப் பிள்ளைகள் சிலருக்கு இலத்திரனியல் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்களுக்கு முதலில் செய்விப்பது கம்பி வைத்த இன்டர்கொம்தான். இரண்டு சின்ன ஒலிபெருக்கி, எல்.எம். 386 என்ற விரியலாக்கிச் சில்லு (மின் குறிப்பைப் பெருக்குவது) ஒன்று, பேசுவதையும் கேட்பதையும் மாற்றிவிட ஒரு சுவிச், 9 வோல்ற் பற்றறி. தனியாக ஒலிவாங்கி கிடையாது. சுவிச்சைத் தள்ளினால் ஒலிபெருக்கியே ஒலிவாங்கியாகிவிடும், ஏனென்றால் நாங்கள் பேசும்போது அதன் கூம்பு அதிர்ந்து, காந்தத்துக்கு நடுவில் இருக்கும் சுருள் ஆடி, ஒரு துளி மின்னைத் தரும். அந்தத் துளியை 386 சும்மா இருந்தால் 20 மடங்குதான் பெருக்கும், இந்த வேலைக்குப் போதாது. சில்லின் 1ஆம் காலுக்கும் 8ஆம் காலுக்கும் இடையில் 10 மைக்ரோ பரட் கொள்ளளவி (மின்தேக்கி) ஒன்றைப் போட்டால் 200 மடங்கு. இதைச் செய்து முடித்த பிள்ளைக்கு இன்டர்கொம் என்றால் என்ன என்று பிறகு யாரும் விளக்கத் தேவையில்லை.

இதை எதற்கு இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், ‘அலைப்பேசி மாதிரி அலை என்ற சொல் உள்ளே வரவேண்டும்’ என்று சென்னையிலிருந்து ஒரு நண்பர் எழுதியிருந்தார். வரக்கூடாது என்கிறேன். கம்பியில் ஓடினாலும் காற்றில் போனாலும் சாமான் செய்யும் வேலை ஒன்றுதான்: ஒரே இடத்துக்குள் இருக்கிற இரண்டு பேர், இலக்கம் அழுத்தாமல், கட்டணம் கட்டாமல், எழும்பிப் போகாமல் பேசிக்கொள்வது. பெயர் அந்த வேலையைச் சொன்னால் போதும். கம்பியில்லாதது என்றால் முன்னால் ‘கம்பியில்லா’ போட்டுக்கொள்ளலாம்.

சரி, இருக்கிற சொற்களைப் பார்ப்போம். இடைப்பேசி ஆங்கிலத்தைத் துண்டு துண்டாக வெட்டித் தமிழில் ஒட்டியது. ‘இடை’ என்றதும் ஒரு பிள்ளைக்கு இடுப்பு ஞாபகம் வருமே தவிர இரண்டு அறை ஞாபகம் வராது. அகப்பேசி கேட்க அழகு, ஆனால் மனதுக்குள் தனக்குத்தானே பேசுகிறவர் என்றுதான் எனக்குப் படுகிறது. உள்ளகத் தொலைபேசி அலுவலகங்களில் புழங்கட்டும், அங்கே அது நிஜமாகவே தொலைபேசிதான், மேசைக்கு மேசை இணைப்பு இலக்கம் இருக்கிறது. வோக்கி ரோக்கி பற்றிச் சொல்ல எனக்கு ஒரே ஒரு காரணம்தான். எங்கள் வயதுக்காரருக்கு இங்கே ‘வோக்கி’ என்றால் போர்க் காலத்தில் அது யார் யார் கையில் இருந்தது என்று தெரியும். பத்தாம் வகுப்புப் பிள்ளையின் செயல்முறைக் கொப்பியில் அந்தச் சொல்லை எழுத மனம் வரவில்லை. இழையில் எழுதுகிற ரொறன்ரோ அண்ணை இது மிகையுணர்ச்சி என்கிறார், இருக்கட்டும்.

இனிக் கம்பியில்லாததுக்கு வருகிறேன், ஏனென்றால் சொல் அங்கேதான் பிறந்தது. தொடக்ககாரர் எல்லாரும் முதலில் ஓடுவது ஒற்றைத் திரான்சிஸ்டர் எஃப்.எம். பரப்பிக்கு. வேண்டாம். 88 முதல் 108 மெகாஹேர்ட்ஸ் வரை உள்ள பகுதி வானொலி நிலையங்களுக்கு உரியது, அனுமதி இல்லாமல் அதில் பரப்பினால் இலங்கையின் 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டம் குறுக்கே வரும். அதோடு பரப்பியின் சுருளுக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனாலே மீடிறன் நகர்ந்துவிடும், நீங்கள் சொல்லும் வீட்டு ரகசியம் பக்கத்து வீட்டு ரேடியோவிலும் கேட்கும். (மீடிறன் என்பது தமிழ்நாட்டு நண்பர்களின் அதிர்வெண். ஒரே சங்கதிக்கு இரண்டு சொல் வைத்துக்கொண்டு இரண்டு கரையிலும் பிள்ளைகள் படுகிற பாடு போதும், புதிதாக வருகிற சொல்லாவது ஒன்றாக இருக்கட்டும்.)

நாங்கள் எடுத்தது 2.4 கிகாஹேர்ட்ஸில் வேலை செய்யும் என்.ஆர்.எஃப். 24 என்ற, அலையில் அனுப்பி வாங்கும் சிறு பலகை, இரண்டு பக்கமும் அதை ஓட்ட ஒவ்வொரு ஆர்டுயினோ (நிரல் எழுதி ஓட்டும் குட்டிக் கணினி), இந்த முறை தனி ஒலிவாங்கி, முடிவில் அதே 386. குரலைத் துண்டு துண்டாக வெட்டி, ஒரு பொட்டலத்துக்கு அதிகபட்சம் 32 பைற் என்று அனுப்பும். முதலில் பேச்சு விட்டு விட்டு வந்தது. ஆர்டுயினோவின் 3.3 வோல்ற் காலிலிருந்து பலகை திடீரென்று மின் இழுக்கும்போது அழுத்தம் சரிகிறது, அவ்வளவுதான் விசயம். பலகையின் இரண்டு மின் கால்களிலும் ஒட்டியபடியே 10 மைக்ரோ பரட் கொள்ளளவி ஒன்றைப் பற்றாசு பிடித்ததும் குரல் நேரானது. தள்ளி வைத்துக் கம்பியால் இழுத்தால் அவ்வளவு பிரயோசனமில்லை, காலோடு ஒட்டியிருக்க வேண்டும். இரண்டு பெட்டியையும் ஒரே மேசையில் வைத்துச் சோதிக்காதீர்கள், ஒன்றின் சத்தத்தை மற்றது வாங்கி ஊளையிடும்.

ஒரு மாணவனின் வீட்டில் வைத்துப் பார்த்தோம். ஒரு பெட்டி குசினியில், மற்றது வெளிவாசல் படலையடியில். திறந்த வெளியில் நன்றாகப் போனது, பழைய சுண்ணாம்புக்கல் சுவர் இரண்டு குறுக்கே வந்ததும் மங்கியது, மழை நனைந்த வேலிப் பக்கம் இன்னும் மோசம், தண்ணீர் இந்த அலையை விழுங்கும். பெட்டியைப் பார்த்துவிட்டு அவனது அம்மம்மா, ‘உந்த வளவுப் போனை இஞ்சால வை தம்பி’ என்றார். அவருக்கு யாரும் இன்டர்கொம் என்று சொல்லவும் இல்லை, அவர் கேட்கவும் இல்லை.

வளவுப்பேசி. வளவு என்றால் வீடும் கிணறும் மரமும் சேர்த்து வேலிக்குள் இருக்கிற நிலம் முழுவதும். சாமான் எட்டுகிற தூரமும் அதுதான், கூப்பிடு தூரத்துக்குக் கொஞ்சம் கூட. செட்டிநாட்டு வீடுகளிலும் வளவு உண்டு, அங்கே அது வீட்டுக்குள் இருக்கிற முற்றம், ஆகவே தமிழ்நாட்டாருக்கும் முழுக்க அந்நியமில்லை. வெளிவாசலில் மணியோடு இருக்கிறதைப் படலைப்பேசி என்று பிரித்துக்கொள்ளலாம். கைபேசிக்கு ‘ப்’ இல்லையே இதற்கு எதற்கு என்று இலக்கணக்காரர் கேட்பார்கள். வளவில் பேச உதவுவது என்று விரிகிறது, மலைக்கோயில் போல ஒற்று மிகும். கைபேசியை அவர்களே திருத்தட்டும்.

மாடிக்குடியிருப்பில் வளவு எங்கே என்ற கேள்விக்கு என்னிடம் பெரிய பதில் இல்லை. தொலைபேசியில் பக்கத்து அறைக்கும் பேசுகிறோம், யாரும் தொலை எங்கே என்று கேட்பதில்லை.

மிச்சம் இரண்டு சொல். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பேசக்கூடியதை ‘அரை இருவழி’ என்று பட்டியலில் போட்டிருக்கிறீர்கள், கணக்குப் புத்தகம் மாதிரி இருக்கிறது. ஆளுக்கு ஒரு முறை பேசுவதால் ‘முறைவழி’ போதும், இருவரும் ஒன்றாகப் பேசக்கூடியது ‘இருவழி’. பேசும்போது பிடித்திருக்கிற பொத்தானைப் பிள்ளைகள் ‘அமத்தி’ என்கிறார்கள், அமத்திக்கொண்டு பேசுவதால். எழுத்துத் தமிழில் ‘அழுத்தி’ என்று மாற்றச் சொல்வீர்கள் என்று தெரியும். பெருக்கி, வாங்கி வரிசையில் அதுவும் ஒழுங்காக உட்காருகிறது, எனக்கு மறுப்பில்லை. ஆனால் வளவுப்பேசியை வாக்கெடுப்பில் சேர்க்காமல் பட்டியலை மூடாதீர்கள்.