நம் இதயத்துக்கு நம் பழைய எண்தான் அளவுகோல்

எனக்கு 4 வயதில் டெட்ராலஜி ஆஃப் ஃபேலட் என்ற பிறவி இதயக் கோளாறுக்கு அறுவை சிகிச்சை செய்தார்கள். இப்போது 31. வருடா வருடம் எக்கோ, இசிஜி, கூடவே என்டி-ப்ரோபிஎன்பி என்ற ரத்தப் பரிசோதனை. இதய அறையின் சுவர் அதிகமாக இழுபடும்போது அந்தத் தசையிலிருந்து ரத்தத்தில் கலக்கிற பொருள் அது. ஐந்தாறு வருடமாக 90, 100, 95 என்றே வந்துகொண்டிருந்தது. ஒரு தடவை அவசரத்துக்கு வேறு லேபில் கொடுத்தேன், 42 என்று வந்தது, வீட்டில் எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்ததுமே "இது பிஎன்பி, நீங்க வழக்கமா எடுக்கிறது இது இல்லையே" என்றார். இரண்டும் ஒரே புரதம் உடைந்து வரும் துண்டுகள்தான், ஆனால் பிஎன்பி சுமார் 20 நிமிடத்தில் பாதியாகிவிடும், மற்றது மெதுவாகத்தான் வெளியேறும், அதனால் இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே கூடாதாம். சரி என்று பழைய லேபிலேயே மறுபடி எடுத்தோம். 240.

மூச்சு வாங்கவில்லை, கால் வீங்கவில்லை, மாடி ஏறினால்கூட ஒன்றும் தெரியவில்லை. அந்த எண் வந்திருக்காவிட்டால் எம்ஆர்ஐயைத் தள்ளிப் போட்டிருப்பேன். எடுத்துப் பார்த்தால் நுரையீரல் வால்வு பல வருடமாகக் கசிந்து வலது கீழறை நன்றாகவே பெருத்திருந்தது. வால்வு மாற்றினார்கள். எண் உடனே இறங்கவில்லை, ஏழெட்டு மாதம் கழித்துத்தான் 110-க்கு வந்தது.

*

உங்கள் 240-ஐப் படித்ததும் என் கதை நினைவுக்கு வந்தது. எனக்குப் பெருந்தமனியும் நுரையீரல் தமனியும் பிறவியிலேயே இடம் மாறியிருந்தன, 1979-ல் மஸ்டர்ட் அறுவை, அதாவது இதய மேலறைகளுக்குள் ரத்தத்தின் வழியை மாற்றிவிடுவது. உடம்பு முழுக்க ரத்தம் அனுப்பும் வேலையை எனக்கு வலது கீழறைதான் செய்கிறது. 125-க்கு மேல் போனால் ஆபத்து என்று எங்கோ படித்துவிட்டு என் 310-ஐப் பார்த்துப் பார்த்துப் பல இரவு தூங்கவில்லை. என்னைப் போன்றவர்களுக்கு அடிப்படை எண்ணே கூடுதலாக இருப்பது சகஜமாம். "உங்கள் 310 எப்போது 500 ஆகிறது என்றுதான் நான் பார்ப்பேன்" என்றார் டாக்டர். சிறுநீரகம் சோர்ந்தாலும் இது ஏறும், அதனால் சிறுநீரக வேலையைக் காட்டும் கிரியேட்டினின் பரிசோதனையும் சேர்த்தே எடுக்கிறேன். அப்புறம், முடிக்கென்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ரத்தம் கொடுக்கும் முன் சொல்லிவிடுங்கள், சில கருவிகளில் அது எண்ணைத் தப்பாகக் காட்டிவிடும்.

*

என் மகளுக்கு ஃபோன்டான், அதாவது ஒரு கீழறை மட்டுமே சரியாக வேலை செய்யும் பிள்ளைகளுக்குச் செய்யும் அறுவை. வயது 13. எங்களுக்குக் கைகொடுத்தது வேறு ஒன்று. என்டி-ப்ரோபிஎன்பி நன்றாகவே இருந்தது, ஆனால் ரத்தத்தில் இருக்கும் ஆல்புமின் என்ற புரதம் 4.1-லிருந்து 3.4, அடுத்த முறை 2.8. கண்ணிமை லேசாக வீங்கியதைத் தூக்கக் கலக்கம் என்றே நினைத்திருந்தோம். மலத்தில் ஆல்ஃபா-1 ஆன்டிடிரிப்சின் என்ற ரத்தப் புரதம் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் குடல் வழியாகப் புரதம் போகிறது என்று தெரிந்தது. ஃபோன்டான் பிள்ளைகளின் பெற்றோர் ஆல்புமின், தட்டணுக்கள், கல்லீரல் பரிசோதனை மூன்றையும் கேட்டு வாங்குங்கள். நான் இப்போது ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வைக்கிறேன், லேப் பெயரும் சேர்த்து.