டைரனிட் படைக்கு நீலக்கால் நண்டின் நிறம்: எப்படித் தொடங்கலாம்?

பாம்பன்துறை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். லெஸ்டரில் வேலை பார்க்கிறேன். உடன் வேலை செய்யும் நண்பர் வார்ஹேமர் 40,000 ஆடக் கூட்டிப்போனார்; சின்ன பிளாஸ்டிக் உருவங்களைப் பூட்டி, நிறம் அடித்து, மேசையில் படைகளாக நிறுத்தி ஆடும் போர் விளையாட்டு அது. அன்றே அதில் வரும் வேற்றுலக உயிர்களான டைரனிட்கள் மேல் ஆசை வந்து, அவற்றின் தொடக்கப் படையான காம்பாட் பேட்ரோல் பெட்டியும் வாங்கியாயிற்று. அதிலுள்ள டெர்மகான்ட் என்ற சின்ன உயிர்கள் 20-ஐயும் பூட்டி முடித்துவிட்டேன். மற்ற உயிர்களான பார்ப்கான்ட், லீப்பர், சைக்கோஃபேஜ், விங்டு பிரைம் எல்லாம் இன்னும் ஸ்ப்ரூவில்தான் (பாகங்கள் ஒட்டிவரும் பிளாஸ்டிக் சட்டம்) இருக்கின்றன.

பெட்டிப் படத்தில் உள்ள, லெவியதான் என்ற டைரனிட் கூட்டத்தின் நிறம் அழகாகத்தான் இருக்கிறது: எலும்பு வெள்ளைத் தோல், ஊதா ஓடு. ஆனால் நான் பாம்பனில் வளர்ந்தவன். வலையிலிருந்து எடுத்த நீலக்கால் நண்டின் நிறத்தை இந்த ஓடுகளில் கொண்டுவர வேண்டும் என்று மனதில் பதிந்துவிட்டது. அந்த நீலமும் அதன்மேல் உள்ள வெள்ளைப் புள்ளிகளும்.

இத்தனை உருவங்களிலும் அதைச் செய்வது சாத்தியமா? கான்ட்ராஸ்ட் பெயிண்ட் (ஒரே பூச்சில் நிறமும் நிழலும் தரும் நீர்த்த பெயிண்ட்) போதுமா, இல்லை அடிநிறம், வாஷ் (பள்ளங்களில் தங்கி நிழல் தருவது), ஹைலைட் (மேடுகளில் வெளிர் நிறம்) என்று பழைய முறையில்தான் போகவேண்டுமா? வீட்டில் சின்ன பால்கனிதான், இந்தக் குளிரில் பிரைமர் (முதல் பூச்சு) ஸ்ப்ரே அடிக்கலாமா? படைக்கு 1000 புள்ளி மதிப்பு வைத்து ஆடும் ஆட்டத்துக்கு அடுத்து என்ன வாங்குவது என்றும் சொன்னால் நல்லது.

ஆறுகாலி எழுதியது:

நீலக்கால் நண்டு என்று படித்ததும் பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன், தம்பி. ஓடும் மூட்டுமாக, கையும் காலும் சேர்த்து ஆறு உறுப்புகள் உள்ள உயிர்கள் இவை. இவற்றுக்கு அது அருமையாகப் பொருந்தும்.

ஆனால் 20 டெர்மகான்டையும் நீலமாக்க வேண்டாம். உங்களுக்கே தெரியும், பளிச்சென்ற நீலம் ஆண் நண்டுக்குத்தான். பெண் நண்டு பாசி கலந்த பழுப்பு. இரண்டு நிறத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டமாக வரும் சின்னவற்றுக்குப் பழுப்பு ஓடு, சினாப்ஸ் உள்ளவற்றுக்கு, அதாவது கூட்டத்தின் மனத்தைச் சின்னவற்றுக்குக் கடத்தும் உயிர்களுக்கு, மட்டும் நீல ஓடு.

அழகுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. டைரனிட்களின் மொத்தக் கதையே ஒரே மனம் ஆயிரம் உடல்களை ஆட்டுவிப்பதுதான். அந்த மனம் சின்ன உயிர்களைச் சென்றடைவது சினாப்ஸ் உயிர்கள் வழியாக. 10-ஆவது பதிப்பின் விதியிலும் இது இருக்கிறது: சினாப்ஸ் உயிருக்கு 6 அங்குலத்துக்குள் நிற்கும் அணி, பேட்டில் ஷாக் சோதனைக்கு (அணி மிரண்டுவிடுகிறதா என்று பார்ப்பது) இரண்டு பகடைக்குப் பதில் மூன்று உருட்டும், கூட்டுத்தொகை ஏறுவதால் தேறுவது எளிது. அந்தச் சோதனையில் தோற்ற அணி, மேசையில் பிடிக்கவேண்டிய இலக்கின் மேலேயே நின்றாலும் அதற்கு அங்கே பிடி பூஜ்யம். அதனால் ஆட்டம் முழுக்க உங்கள் கண் தேடப்போவது, எந்தக் கூட்டத்துக்குப் பக்கத்தில் நீலம் இருக்கிறது, எது தனியாகப் போய்விட்டது என்பதைத்தான். பழுப்புக் கூட்டத்தின் நடுவே ஒரு நீல ஓடு நின்றால் மேசையின் அந்தக் கோடியிலிருந்தும் தெரியும். எதிரில் ஆடுபவருக்கும் தெரியும், தெரியட்டும். எதைச் சுடவேண்டும் என்று அவருக்கும் புரிந்தால்தான் ஆட்டம் நன்றாக இருக்கும்.

வேலையும் குறையும். உங்கள் பெட்டியில் சினாப்ஸ் உள்ளது விங்டு பிரைம் மட்டும்தான். புள்ளி வைக்கும் பொறுமை முழுவதையும் அந்த ஒன்றில் கொட்டலாம்.

இனி பெயிண்ட். எல்லாவற்றுக்கும் முதல் பூச்சு ரெய்த்போன் என்ற எலும்பு நிறப் பிரைமர். தோலுக்கு ஸ்கெலிட்டன் ஹோர்ட் கான்ட்ராஸ்ட், பழுப்பிலும் நீலத்திலும் அதேதான். தோலும் பேஸும் (உருவம் நிற்கும் தட்டு) ஒன்றாக இருந்தால் ஓடு எந்த நிறமானாலும் படை ஒரே குடும்பமாகத் தெரியும். பழுப்பு ஓட்டுக்கு மிலிடாரம் கிரீன் கான்ட்ராஸ்ட், காய்ந்தபின் மேலே அக்ராக்ஸ் எர்த்ஷேட் என்ற பழுப்பு வாஷ். பச்சை அடங்கி அந்தப் பாசிப் பழுப்பு வந்துவிடும். நீல ஓட்டுக்கு ரெய்த்போன் மேலேயே போகாதீர்கள், அடியில் உள்ள மஞ்சள் சாயல் நீலத்தை மங்கவைக்கும். ஓட்டுக்கு மட்டும் முதலில் கிரே சீர் என்ற வெளிர் சாம்பல் பூசி, அதன்மேல் டலாசர் புளூ கான்ட்ராஸ்ட். அதை நீர்க்கவைக்கும் கான்ட்ராஸ்ட் மீடியம் கொஞ்சம் கலந்தால் சீராகப் படியும்.

புள்ளிகளுக்குப் பிரஷ் வேண்டாம். பேக்கிங்கில் வரும் ஸ்பாஞ்சில் சின்னத் துண்டு கிள்ளி, வெள்ளையில் தொட்டு, டிஷ்யூவில் நன்றாக ஒற்றிவிட்டு ஓட்டில் மெல்லத் தட்டுங்கள். நண்டின் ஓட்டில் புள்ளிகள் ஒழுங்கில்லாமல், சில இடத்தில் சேர்ந்து திட்டாக இருக்குமே, அது அப்படியே வரும். ஓரங்களில் நெருக்கமாக, நடுவில் குறைவாக.

முதலில் ஒரே ஒரு டெர்மகான்டை பேஸ் வரை முடித்து, மேசையில் வைத்து மூன்றடி தள்ளி நின்று பாருங்கள். பிடித்திருந்தால் மற்றவற்றை ஐந்தைந்தாக எடுங்கள். ஐந்துக்கும் தோல், பிறகு ஐந்துக்கும் ஓடு என்று போனால் கடைசியைப் பூசி முடிக்கும்போது முதலாவது காய்ந்துகொண்டிருக்கும். 20-ஐயும் ஒரேயடியாக வரிசை கட்டினால் பாதியில் அலுத்துவிடும். கூட்டத்தில் பின்னால் நிற்கும் உருவத்தின் வயிற்றுப் பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை. நேரத்தைத் தலைக்கும் முதுகுக்கும் கொடுங்கள்.

ஸ்ப்ரே விஷயம்: வீட்டுக்குள் வேண்டவே வேண்டாம். மழையில்லாத, காற்று அடங்கிய ஒரு மதியத்தில் பால்கனியில் அடிக்கலாம். அதுவரை கேனும் உருவங்களும் அறைக்குள்ளேயே இருக்கட்டும். கேனை நன்றாகக் குலுக்கி, ஒரு சாண் தூரத்தில் மெல்லிசாக ஓட்டிவிட்டு உடனே உள்ளே கொண்டுவந்துவிடுங்கள். குளிரும் ஈரமும் சேர்ந்தால் பரப்பு மணல் மணலாகிவிடும். நாள் சரியாக அமையவில்லையென்றால் வயேஹோ நிறுவனத்தின் சர்ஃபேஸ் பிரைமரை பிரஷால் பூசுங்கள், நன்றாகவே பிடிக்கும்.

லெஸ்டரிலிருந்து நாட்டிங்ஹாம் பக்கம்தானே, ஒருமுறை அங்கே உள்ள வார்ஹேமர் வேர்ல்டு காட்சிக்கூடத்துக்குப் போய்வாருங்கள். கண்காட்சியில் உள்ள படைகளைக் கண்ணாடியில் மூக்கு உரச ஒரு தரம், தள்ளி நின்று ஒரு தரம் பாருங்கள். எந்த நுணுக்கம் தூரத்தில் கரைகிறது, எது நிற்கிறது என்று கண்ணுக்குப் பழகும்.

உட்லண்ட்ஸ்கிராகன் எழுதியது:

அக்கா சொன்ன நிறத் திட்டத்துக்கு என் முழு ஆதரவு. நான் சிங்கப்பூரில் கிராகன் என்ற டைரனிட் கூட்டத்தின் படை வைத்திருக்கிறேன், எலும்பு நிறத் தோலும் சிவப்பு ஓடும்.

ஒரு இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். டெர்மகான்ட் அளவுக்கு கான்ட்ராஸ்ட் அருமை. ஆனால் கார்னிஃபெக்ஸ், ஹைவ் டைரன்ட் போன்ற பெரியவற்றின் அகலமான ஓட்டில் அது தேங்கிக் கறை கறையாகக் காயும். அங்கே பழைய முறைதான் நல்லது. கரு நீலம் அடித்து, ஓட்டின் ஓரத்திலிருந்து உள்நோக்கி மெல்லிய கோடுகளாக இளநீலத்தை இழுத்துவாருங்கள். கோடுகள் ஓரத்தில் நெருக்கமாகவும் உள்ளே போகப் போக மங்கியும் இருக்கட்டும். ஓடு வளர்ந்த திசை தெரியும். நேரம் பிடிக்கும், ஆனால் படையில் இப்படிப்பட்டவை இரண்டோ மூன்றோதானே.

அப்புறம் வார்னிஷ். கையில் எடுத்து எடுத்து வைக்கும் ஆட்டத்தில் கான்ட்ராஸ்ட் முனைகளில் சீக்கிரம் தேய்ந்துபோகும், அதனால் மேட் வார்னிஷ் (பளபளப்பில்லாத காப்புப் பூச்சு) அவசியம். இங்கே எப்போதும் காற்றில் ஈரம், ஸ்ப்ரே வார்னிஷ் வெள்ளையாகப் பூத்துவிடும். நான் பிரஷில்தான் பூசுகிறேன். உங்கள் ஊர் மழைக்காலத்துக்கும் அதுவே பாதுகாப்பு.

வாங்குவதைப் பற்றி: ஒரே ஒரு பிரைமை நம்பி 1000 புள்ளி ஆடமுடியாது. அது விழுந்தால் மொத்தக் கூட்டமும் அநாதை. அடுத்த காசு இன்னொரு சினாப்ஸ் உயிருக்கே போகட்டும். 2023-இல் வந்த லெவியதான் பெட்டியில் பாதி ஸ்பேஸ் மரீன் என்ற கவச வீரர்கள், பாதி டைரனிட். மரீன் ஆடுகிறவர்கள் பலர் டைரனிட் பாதியைத் தனியாக விற்பார்கள், தேடிப் பாருங்கள். சினாப்ஸ் உள்ள நியூரோடைரன்ட், ஸ்க்ரீமர் கில்லர், இன்னும் 20 டெர்மகான்ட் எல்லாம் அதில் வந்துவிடும். ஆனால் கையில் இருப்பதற்கு நிறம் ஏறும்வரை பொறுங்கள். சாம்பல் பிளாஸ்டிக் மலை ஏறிக்கொண்டே போனால் பிரஷ் எடுக்கவே மனம் வராது. போட்டிக்குப் போகும் எண்ணம் இருந்தால் இன்னொன்று: 10-ஆவது பதிப்பில் மொத்தம் 100 வெற்றிப் புள்ளிகளில் 10, படை முழுக்க நிறமும் பேஸும் முடித்திருப்பவருக்கு.

பாம்பன்துறை எழுதியது:

அக்கா, அண்ணா, இருவருக்கும் மிக்க நன்றி. பெண் நண்டின் நிறத்தைக் கூட்டத்துக்குக் கொடுக்கலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை, சிறுவயதில் இரண்டையும் பிரித்துக் கூடையில் போட்டவன் நான். நேற்று ஒரு டெர்மகான்டை அக்கா சொன்ன முறையில் அடித்துப் பார்த்தேன். பழுப்பு அப்படியே வந்திருக்கிறது.

இரண்டு சந்தேகம். பேஸுக்கு ஊர்க் கடற்கரை மணலையே ஒட்டலாமா? அடுத்த மாதம் அம்மா வருகிறார், கொஞ்சம் கொண்டுவரச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். பிறகு, சைக்கோஃபேஜ் பெரிதாக இருக்கிறது, ஆனால் சினாப்ஸ் கிடையாது. அதற்கு என்ன நிறம்?

ஆறுகாலி எழுதியது:

மணல் வேண்டாம், தம்பி. வெளிநாட்டிலிருந்து மண் கொண்டுவரக் கட்டுப்பாடு இருக்கிறது, மணலுக்கும் கேள்வி வரலாம், அம்மாவை அலையவைக்க வேண்டாம். இங்கே கடையில் கிடைக்கும் மெல்லிய மணலே போதும். பிவிஏ பசையில் ஒட்டி, வெளிர் மணல் நிறம் அடித்து, வாஷ் விட்டு, காய்ந்தபின் எலும்பு நிறத்தில் ட்ரை பிரஷ் (ஏறக்குறைய காய்ந்த பிரஷால் மேடுகளில் மட்டும் தேய்ப்பது). பழுப்பு ஓட்டுக்கு அடியில் தரை வெளிறி இருந்தால்தான் உருவம் எடுப்பாக நிற்கும்.

சைக்கோஃபேஜுக்குப் பழுப்புதான். பெரிது என்பதற்காக நீலம் கொடுத்தால் மேசையில் நீலத்துக்கு அர்த்தம் போய்விடும். அதன் வாய்க்கும் தொங்கும் உறுப்புகளுக்கும் மட்டும் வாலுபஸ் பிங்க் கொடுங்கள், பூசியபின் அங்கே மட்டும் கிளாஸ் (பளபளக்கும்) வார்னிஷ். ஈரமாகப் பளபளக்கும். பிரைமை முடித்ததும் படம் போடுங்கள், அந்தப் புள்ளிகளைப் பார்க்கவேண்டும்.