விருந்தில் மிஞ்சிய கோழியில் சாண்ட்விச்: பிரெட் கூழாகிறது, இறைச்சி வறண்டுபோகிறது

கேள்வி:
வணக்கம். பண்டிகை விருந்துக்காக ஓவனில் சுட்ட முழுக் கோழியில் பாதிக்கு மேல் மிஞ்சிவிட்டது. மசித்த உருளைக்கிழங்கும் ஒரு கிண்ணம் கிரேவியும் கூட இருந்தன. மறுநாள் காலையில் எல்லாவற்றையும் சூடாக்கி, பிரெட்டுக்கு நடுவே வைத்து அலுவலகத்துக்கு எடுத்துச் சென்றேன். மதியம் டப்பாவைத் திறந்தபோது கீழ்ப்பக்க பிரெட் கூழாகி அடியில் ஒட்டியிருந்தது. இறைச்சியோ நார் நாராகத் தொண்டையை அடைத்தது. ஒரே சாண்ட்விச்சில் ஒன்று ஊறியும் மற்றொன்று வறண்டும் போவதை எப்படிச் சரிசெய்வது?

பதில் 1:
கிரேவியை விட்டுவிட்டு மயோனைஸ் தடவுங்கள். பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

பதில் 2:
கிரேவியை விடச் சொல்வதை நான் ஏற்கவில்லை. விருந்தின் ருசி முழுவதும் அதில்தான் இருக்கிறது. தவறு, அதைச் சூடாக ஊற்றியதில் இருக்கிறது. எலும்பு வேகவைத்த சாற்றில் செய்த கிரேவி, அதிலுள்ள ஜெலட்டினால் பிரிட்ஜில் ஜெல்லி போல உறைந்திருக்கும். அதை அப்படியே கரண்டியால் எடுத்து, பிரெட்டில் படாமல் இரண்டு இறைச்சித் துண்டுகளுக்கு இடையில் தடவினால், வறட்சியும் நீங்கும், பிரெட்டும் ஊறாது. பிரெட்டை டோஸ்ட் செய்து, ஆவி அடங்கும் வரை கம்பித் தட்டில் ஆறவிட்டு, ஓரம் வரை வெண்ணெய் தடவுங்கள். கொழுப்புப் படலம் ஈரத்தை உள்ளே விடாது. இறைச்சியைக் குளிர்ந்த நிலையிலேயே, நாருக்குக் குறுக்காக மெல்லியதாக அரிய வேண்டும். சூட்டோடு அரிந்தால் பிய்ந்துபோகும். மசித்த உருளைக்கிழங்கைச் சிறு வடைகளாகத் தட்டி மொறுமொறுப்பாகப் பொரித்து வைக்கலாம். வெறுமனே வைத்தால் மாவுக்குள் மாவு வைத்தது போலத்தான் இருக்கும்.

பதில் 3:
மேலே சொன்னவை சரி. ஆனால் காலையில் கட்டியதை மதியம் வரை மேசையிலேயே வைத்திருந்தீர்களா என்பதுதான் என் கவலை. சமைத்த இறைச்சி அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. 4 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை பாக்டீரியா வேகமாகப் பெருகும். விருந்து முடிந்ததும் இறைச்சியை எலும்பிலிருந்து பிரித்து, ஆழமில்லாத பாத்திரத்தில் பரப்பி பிரிட்ஜில் வைத்து, 3 அல்லது 4 நாட்களுக்குள் தீர்த்துவிடுங்கள். பிரெட்டை மட்டும் பிரிட்ஜில் வைக்க வேண்டாம். அந்தக் குளிரில்தான் அது விரைவில் விறைத்துப்போகும். இன்னொன்று: மறுநாள் கோழியைச் சூடாக்கினால் ஒரு பழைய வாடை வரும். சமைத்த இறைச்சியின் கொழுப்பு காற்றோடு சேர்ந்து கெடுவதால் வருவது அது. சூடு அதை எடுத்துக்காட்டிவிடும். ஆகவே குளிர்ந்தபடியே, கடுகு சாஸும் வினிகரில் ஊறிய வெள்ளரித் துண்டுகளும் சேர்த்துச் சாப்பிடுவதே மேல்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. இன்று வெண்ணெய் தடவிய டோஸ்ட்டைத் தனியாகவும், இறைச்சியையும் உறைந்த கிரேவியையும் ஐஸ் பொதியுடன் வேறு டப்பாவிலும் கொண்டுபோய், அங்கேயே அடுக்கிச் சாப்பிட்டேன். கடிக்கும்போது பிரெட் நொறுங்கும் சத்தம் கேட்டது. உருளைக்கிழங்கு வடை மட்டும் மதியத்துக்குள் தொய்ந்துவிட்டது. அதை இனி வீட்டிலேயே சுடச்சுடச் சாப்பிட்டுவிடுவேன்.