வெல்ஷ் பள்ளியைச் சுற்றிப் பார்க்கப் போன நாள்: உங்களுக்கு என்ன நடந்தது?

கார்டிஃப் மழை:

சின்னவனுக்கு ரிசப்ஷன், அதாவது பள்ளியின் தொடக்க வகுப்புக்கு, விண்ணப்பம் போடும் நேரம் வந்துவிட்டது, அதனால் பழைய விஷயம் ஒன்று மறுபடி அரிக்கிறது. எழுதிவிட்டால் போய்விடுமா என்று பார்க்கிறேன்.

நான்கு வருடம் முன்பு பெரியவளுக்காகப் பள்ளி தேடினோம். எங்கள் தெருமுனையில் இருப்பது வெல்ஷ் வழிப் பள்ளி, பாடமெல்லாம் வேல்ஸின் சொந்த மொழியில். ஆங்கில வழிப் பள்ளி கொஞ்சம் தள்ளி. பக்கத்தில்தானே இருக்கிறது, பார்ப்பதால் என்ன குறைந்துவிடப்போகிறது என்று பெற்றோர் வரலாம் என்று சொன்ன நாளில் போய் நின்றோம். ஹெட், அதாவது தலைமையாசிரியர், இரண்டு வார்த்தை பேசிவிட்டு எங்களை ஆறாம் வகுப்புப் பெண்கள் இருவரிடம் ஒப்படைத்துவிட்டார், எல்லா இடத்திலும் அப்படித்தானே. எங்களிடம் ஆங்கிலம், அடுத்த நொடி ஒருத்தியிடம் ஒருத்தி வெல்ஷ், மறுபடி எங்களிடம் ஆங்கிலம். குழாயைத் திருப்பி மூடுகிற மாதிரி.

சாப்பாட்டு ஹாலில் நிற்கும்போது நான் சும்மா கேட்டேன், "உங்க அம்மாவுக்கு வெல்ஷ் வருமா?" என்று. "வராது. எனக்கும் தம்பிக்கும் மட்டும்தான். அம்மாவுக்குத் தெரியக்கூடாத விஷயம்னா நாங்க வெல்ஷ்லதான் பேசிப்போம்" என்றாள். என் கணவர் சத்தமாகச் சிரித்தார், அந்தப் பெண்ணும் சிரித்தாள். எனக்கு மட்டும் வயிற்றைப் பிசைந்தது. இந்த ஊரில் ஏற்கனவே பாதிப் பேச்சு எனக்குப் பிடிபடுவதில்லை, வீட்டுக்குள்ளும் புரியாத பாஷை ஒன்று வந்து உட்கார வேண்டுமா என்று தோன்றியது.

ஆங்கில வழியில்தான் சேர்த்தோம். வெளியே கேட்டவர்களுக்கெல்லாம் கார் நிறுத்த இடமில்லை என்று காரணம் சொன்னேன். ஐந்து நிமிட நடைக்கு எதற்குக் கார் என்று யாரும் கேட்கவில்லை, நல்லவேளை. இப்போதும் தினமும் காலையில் அந்தப் பள்ளிப் பிள்ளைகள் எதிரே வர, நாங்கள் மறுபக்கம் நடக்கிறோம்.

ஸ்வான்சீ நர்ஸ்:

அக்கா, உங்கள் வயிறு எனக்குப் புரிகிறது. நான் சேர்த்துவிட்டேன். ஆனால் முதல் நாள் பார்க்கப் போனபோது பட்ட அவமானம் இன்னும் போகவில்லை.

நைட் டூட்டி முடித்து நேராகப் போயிருந்தேன். முன்பே டுவோலிங்கோ செயலியில் ஒரு மாதம் வெல்ஷ் தட்டியிருந்தேன், அந்தத் தைரியம். நர்சரி வகுப்பில் நான்கு வயதுப் பொடியன் ஒருவன் என் கோட்டைப் பிடித்து இழுத்து ஏதோ கேட்டான். "நாய்" என்ற வார்த்தை மட்டும் பிடிபட்டது. வீட்டில் நாய் இருக்கிறதா என்கிறான் போல. இல்லைதான், இருந்தாலும் குழந்தையை ஏமாற்ற மனமில்லாமல் "ஈயே" என்றேன், அதாவது ஆமாம். அவன் என்னை மேலும் கீழும் பார்த்து, "ஒய்ஸ்!" என்று திருத்தினான். வாத்தியார் மாதிரி. பின்னால் நின்ற அப்பாக்கள் எல்லாம் சிரிப்பு.

அப்புறம்தான் தெரிந்தது, வெல்ஷில் ஆமாம் என்று ஒரே வார்த்தை கிடையாது. கேட்ட கேள்வியின் வினைச்சொல்லையே பிடித்துப் பதில் சொல்ல வேண்டும். "ஒய்ஸ்", அதாவது இருக்கிறதா, என்று கேட்டால் "ஒய்ஸ்", நடந்து முடிந்த விஷயமென்றால் "டோ", நீ இப்படியா என்றால் "அடூ". யோசித்தால் நாமும் "நாய் இருக்கா?" என்றால் "இருக்கு" என்றுதானே சொல்கிறோம். ஆங்கிலம் வழியாகப் போனதால்தான் மாட்டிக்கொண்டேன். தமிழ் வழியாகப் போயிருந்தால் அந்தப் பொடியனிடம் தப்பித்திருப்பேன்.

பழையவன் 2004:

இரண்டு பதிவும் படித்தேன். கார்டிஃப் மழை அவர்களே, தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள், பிள்ளை உங்களுக்குப் புரியாமல் பேசிவிடுமோ என்று பயந்து பள்ளியை மாற்றுவது சரியான காரணமே இல்லை. பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதானால் ஆங்கிலத்திலேயே உங்களுக்குப் புரியாமல்தான் பேசும். எனக்கு இரண்டு பேர், இரண்டும் வெல்ஷ் வழி, இரண்டும் நன்றாக இருக்கின்றன, என் கதை அவ்வளவுதான்.

புதிதாகப் போகிறவர்களுக்குச் சிலது சொல்கிறேன். பள்ளியைப் பார்ப்பது பள்ளியில், விண்ணப்பம் பெரும்பாலும் கவுன்சிலுக்கு, அதாவது உள்ளாட்சிக்கு. இதைக் குழப்பிக்கொண்டு "ஹெட் தலையாட்டினார், இடம் கிடைத்துவிட்டது" என்று வீட்டில் இனிப்பு செய்த ஆட்களை எனக்குத் தெரியும். அதே பள்ளியில் நர்சரி படித்தாலும் ரிசப்ஷனுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், நர்சரி இடம் எதற்கும் உத்தரவாதமில்லை. முடிவு ஏப்ரல் 16 வாக்கில் வரும். வேல்ஸ் பள்ளிகளை ஆய்வு செய்யும் எஸ்டின் அமைப்பின் அறிக்கையைக் கட்டாயம் படியுங்கள், ஆனால் அதில் "மிகச் சிறப்பு", "நன்று" என்ற முத்திரையைத் தேடாதீர்கள், 2022-லிருந்து அதை எடுத்துவிட்டார்கள், உட்கார்ந்து முழுக்க வாசித்தால்தான் உண்டு. மதியச் சாப்பாட்டுக்குக் காசு கேட்பார்களா என்று ஹெட்டிடம் கேட்டு மானத்தை வாங்காதீர்கள், 2024 செப்டம்பரோடு வேல்ஸில் அரசு ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் இலவசமாகிவிட்டது. கேட்க வேண்டியது பள்ளி முடிந்த பிறகு பிள்ளையை வைத்துக்கொள்ளும் கிளப் எத்தனை மணி வரை என்பது, அது நம் ஷிஃப்டுக்கு ஒத்துவருமா என்பது. வீடு 2 மைல் அல்லது அதற்கு மேல் என்றால் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைக்குக் கவுன்சில் வண்டி கிடைக்கும். பாடத்திட்டம் இங்கிலாந்து மாதிரி இல்லை, 2022-ல் முழுக்கப் புதிதாக ஆரம்பித்ததை ஆறு துறையாகப் பிரித்திருக்கிறார்கள், அதனால் பர்மிங்ஹாமில் இருக்கும் மைத்துனி சொல்வதை இங்கே பொருத்திப் பார்க்காதீர்கள்.

அப்புறம், பிள்ளை இன்னும் சின்னதாக இருந்தால் "டீ அ வீ" கூட்டத்துக்குக் கூட்டிப் போங்கள். "நீயும் நானும்" என்று அர்த்தம், அம்மா அப்பாவும் உடன் உட்கார்ந்து பாட்டுப் பாடலாம். அதற்கடுத்து "கில்க் மெய்த்ரின்", அது பாலர் வகுப்பு. அங்கே போய் வந்த பிள்ளை பள்ளியில் முதல் நாள் அழாது.

கார்டிஃப் மழை:

நான் யோசனை கேட்கவில்லை சார்.

பாங்கர் அப்பா:

பழையவன் சார் தெற்கை வைத்துப் பேசுகிறார். வட வேல்ஸில் எங்கள் பாங்கர் ஊர்ப் பக்கம் வேறு. இங்கே குவினெத் மாவட்டத்தில் இந்தப் பள்ளியா அந்தப் பள்ளியா என்று நின்று யோசிக்கவே இடமில்லை, ஊர்ப் பள்ளி என்றாலே வெல்ஷ்தான், கடையில் வெல்ஷ், பஸ்ஸில் வெல்ஷ். 2021 கணக்கெடுப்பில் வேல்ஸ் முழுக்க 17.8 சதவீதம் பேருக்குத்தான் அந்த மொழி வரும் என்கிறார்கள், எங்கள் தெருவில் வந்து எண்ணியிருந்தால் வேறு கதை.

நாங்கள் வந்தபோது மகளுக்கு எட்டு வயது, பெங்களூரிலிருந்து நேராக. அந்த வயதில் வருகிற பிள்ளைகளை முதலில் மொழி மையத்துக்கு அனுப்பி ஒரு டெர்ம் அளவு வெல்ஷிலேயே ஊறப்போடுவார்கள், "ட்ரோகி" என்பார்கள், முக்கி எடுப்பது என்று அர்த்தம். அதற்கு முன்னால் பள்ளியைப் பார்க்கப் போனோம். ஆசிரியை என்னோடு பேசிக்கொண்டிருக்க, மகள் சுவரில் ஒட்டியிருந்த எழுத்து வரிசை முன்னால் போய் நின்றாள். மொத்தம் 29 எழுத்து, சிஎச்சும் டபுள் டியும் டபுள் எல்லும் ஒவ்வொன்றும் ஒரே எழுத்தாக எழுதியிருக்கும். அவள் விரல் வைத்துத் தேடிக்கொண்டே போனாள். முடிவுவரை போய்விட்டு மறுபடி முதலிலிருந்து.

அவள் பெயரில் ழ இருக்கிறது. ஆங்கிலத்தில் இசட் ஏச் போட்டுத்தான் எழுதுகிறோம். வெல்ஷ் எழுத்தில் இசட் கிடையாது. கேயும் வியும்கூடக் கிடையாது, பாதித் தமிழ்நாட்டுப் பெயரை எழுத முடியாது. திரும்பி வந்து என் காதில், "அப்பா, இங்க என் எழுத்து இல்லை" என்றாள். நான் சமாளித்து ஏதோ சொன்னேன், என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அந்த ஆசிரியை கேட்டுவிட்டுச் சிரிக்கவில்லை, உடனே சமாதானமும் சொல்லவில்லை. பெயரை நான்கு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார், நான்கு தடவையும் தப்பாகத்தான் சொன்னார், முகம் சிவந்துவிட்டது. முதல் நாள் வகுப்புக்குப் போனபோது கோட் மாட்டும் கொக்கிக்கு மேல் அவள் பெயர் தமிழில் ஒட்டியிருந்தது. யாரிடம் கேட்டு எழுதினார் என்று இன்றுவரை தெரியாது. ழ-வின் கால் மட்டும் கொஞ்சம் கோணல்.

கோயம்புத்தூர் குசும்பு:

நான் வேல்ஸ் பக்கம் வந்ததே இல்லை, தங்கை நியூபோர்ட்டில் இருப்பதால் படிக்கிறேன். நான் படித்த மெட்ரிகுலேஷன் பள்ளியில் தமிழில் பேசினால் ஒரு ரூபாய் அபராதம். 19-ம் நூற்றாண்டில் வெல்ஷ் பேசின பிள்ளை கழுத்தில் மரக்கட்டையை மாட்டிவிடுவார்களாம், அவன் வேறொருவனைப் பிடித்துக் கொடுத்தால் கட்டை அவன் கழுத்துக்கு மாறும், சாயங்காலம் யாரிடம் இருக்கிறதோ அவனுக்கு அடி. தங்கை சொன்னதும் எனக்கு எங்கள் கிளாஸ் லீடர் முகம்தான் ஞாபகம் வந்தது. அங்கே கட்டையைத் தூக்கிப்போட்டுவிட்டு அதே மொழியில் பள்ளி கட்டிவிட்டார்கள். நாம் இன்னும் ரசீது போட்டுக்கொண்டிருக்கிறோம்.

பழையவன் 2004:

தானாக ஒன்றும் கட்டிவிடவில்லை. முதல் வெல்ஷ் வழி ஆரம்பப் பள்ளி 1939-ல் அபெரிஸ்ட்வித்தில், இர்த் என்ற இளைஞர் அமைப்பை நிறுவிய இவான் அப் ஓவென் எட்வர்ட்ஸ் ஆரம்பித்தது, தனியார் முயற்சி, 7 பிள்ளைகள். கவுன்சில் நடத்திய முதல் பள்ளி 1947-ல் லனெல்லியில். ஒவ்வொரு ஊரிலும் பெற்றோர்கள் நச்சரித்து வாங்கினதுதான். இங்கே உட்கார்ந்து ஆங்கில வழியில் சேர்த்துவிட்டு வருத்தப்படுகிறவர்கள் இதையும் யோசிக்கலாம்.

ஸ்வான்சீ நர்ஸ்:

அண்ணா, அவங்களை விடுங்க. எது எங்கே கிடைக்குதோ அங்கே சேர்க்கிறாங்க. ஆங்கில வழிப் பள்ளியிலும் வெல்ஷ் கட்டாயப் பாடம்தான், 16 வயது வரை.

மதிய மணி:

நான் இதை எங்கும் எழுதினதில்லை. பள்ளத்தாக்குப் பக்கம் ஒரு வெல்ஷ் வழிப் பள்ளியில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு, என் பையனும் அங்கேதான். நீங்கள் எல்லாம் பார்க்கப் போனவர்கள், நான் காட்டினவள்.

புதுப் பெற்றோர் வருகிற சாயங்காலம் ஒன்றில் ஹெட் என்னையும் வரச் சொன்னார். வீட்டில் வெல்ஷ் பேசாத குடும்பம் ஒன்று நின்று பேசினால் மற்றவர்களுக்குத் தைரியம் வரும் என்று. சரி என்று வெல்ஷ் கேக் தட்டுக்குப் பக்கத்தில் நின்றேன். பொருட்காட்சி மாதிரி இருந்தது, பரவாயில்லை. அங்கே ஒரு தமிழ் ஜோடி வந்தது. ஹெட் பேசி முடித்ததும் அந்தப் பெண் மெதுவாக என் பக்கம் ஒதுங்கி, "அக்கா, உண்மையைச் சொல்லுங்க, பிள்ளைக்கு இங்கிலீஷ் வந்துடுமா?" என்றாள்.

அப்போது என் பையன் மூன்றாம் வகுப்பு. ஏழு வயது வரை எல்லாமே வெல்ஷ், மூன்றாவதில்தான் ஆங்கிலம் எழுதப் படிக்க முறையாக ஆரம்பிக்கிறார்கள். அதற்கு முந்தின ராத்திரிதான் ஆங்கிலப் புத்தகத்தை வைத்துக்கொண்டு அழுதிருந்தான். வெல்ஷில் ஒற்றை எஃப் என்றால் வ சத்தம், அதனால் ஃபிஷ் என்பதை விஷ் என்று படிக்கிறான். யூ வந்தால் ஈ மாதிரி. பட் என்பது பிட். நான் திருத்தத் திருத்த புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "ஸ்கூல்ல இப்படித்தான் சொல்லிக் கொடுத்தாங்க" என்று தேம்பினான். நானும் இன்னொரு ரூமில் போய் அழுதேன்.

அந்தப் பெண்ணிடம் இதைச் சொல்லவில்லை. "எல்லாம் நல்லாதான் போகுது, பயப்படாதீங்க" என்றேன். ஹெட் பக்கத்தில் நின்றார், அவருக்குத் தமிழ் தெரியாது, அப்படியும் சொல்லவில்லை. சேர்த்துவிட்டார்கள்.

என் பையன் இப்போது ஐந்தாவது. போர்வைக்குள் டார்ச் அடித்துத் தடித்தடியாக ஆங்கிலக் கதைப் புத்தகம் படிக்கிறான், மார்ச் 1-ம் தேதி பள்ளி ஐஸ்டெத்வோட் கலைவிழாவில் வெல்ஷ் கவிதை சொல்லிப் பரிசும் வாங்கினான், டேவிட் புனிதர் தினத்துக்குப் பல பள்ளிகளில் நடக்குமே அது. ஆனால் அவன் தேறிவிட்டான் என்பதால் அன்றைக்குச் சொன்னது உண்மையாகிவிடாது. அந்தப் பெண் கேட்டது பயத்தில். நான் பதில் சொன்னது கேக் தட்டுக்காக. அவளுடைய பிள்ளை அடுத்த செப்டம்பர் மூன்றாவது போகிறது, கேட்டில் பார்க்கும்போதெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிடலாமா என்று வாய்வரை வருகிறது.

பழையவன் 2004:

மூன்றாவதில் எல்லாப் பிள்ளைக்கும் அப்படித்தான், ஒரு வருடத்தில் சரியாகிவிடும். நீங்கள் அன்றைக்கே சொல்லியிருந்தால் அவர்கள் ஓடியிருப்பார்கள். சொல்லாதது நல்லது.

பாங்கர் அப்பா:

இல்லை, சொல்லிவிடுங்கள். ஃபிஷ் விஷ் ஆகும், பயப்படாதே என்று ஒரு வரி போதும். எனக்கு யாராவது இசட் கிடையாது என்று முன்பே சொல்லியிருந்தால், காதில் வந்து கேட்ட பிள்ளைக்கு என்ன சொல்வது என்றாவது யோசித்து வைத்திருப்பேன்.

கார்டிஃப் மழை:

மதிய மணி அக்கா, உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். அன்றைக்கு அந்த ஹாலில் நான் கேட்டிருக்க வேண்டியது நீங்கள் எழுதின விஷயம். பிள்ளைகளின் ரகசியத்தைப் போய்க் கேட்டு வைத்தேன்.

பெரியவள் நேற்று சாப்பிட உட்கார்ந்தவள் எழுந்து நின்று, "கா ஈ வின்ட் ஈர் டீ பாக்" என்றாள். பாத்ரூம் போகட்டுமா என்று அர்த்தம், "சின்ன வீட்டுக்கு"ப் போகட்டுமா என்கிறாள். ஆங்கில வழிப் பள்ளியிலும் இதைத்தான் முதலில் கற்றுக் கொடுப்பார்கள் போல. சின்னவன் உடனே அதையே திருப்பிச் சொன்னான். இரண்டும் என்னைப் பார்த்துச் சிரித்தன.

நாளைக் காலை 9.30-க்கு அதே பள்ளிக்குப் போகிறோம், சின்னவனுக்காக. இன்னும் எதுவும் முடிவு செய்யவில்லை. நர்ஸ் தங்கச்சி, யாராவது ஏதாவது கேட்டால் ஆமாம் என்பதற்கு எதைச் சொல்லட்டும்?

ஸ்வான்சீ நர்ஸ்:

என்ன கேட்கிறாங்க என்பதைப் பொறுத்தது அக்கா :)

பழையவன் 2004:

குடை எடுத்துப் போகாதீர்கள், காற்றில் திரும்பிவிடும். தொப்பி வைத்த கோட் போட்டுப் போங்கள், விளையாட்டு மைதானத்தை மழையிலும் சுற்றிக் காட்டுவார்கள்.